விளக்கு அணைந்தால் மின்சாரம் போய்விட்டதாக நினைக்காதீர்கள்!

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், தோட்டத்து வீடுகளில் விளக்குகள் சொல்லாமல் கொள்ளாமல் அணைவது வாடிக்கை. அணைந்துவிட்டதே என்று விடியும்வரை உட்கார்ந்திருக்கவும் முடியாது. அதிகாலையில் பால் கறக்க வேண்டும். கன்று ஈனும் நிலையில் மாடு நிற்கும். புரூடரில் கோழிக்குஞ்சு விட்டிருந்தால், விளக்கின் சூடு குறைந்ததும் குஞ்சுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி மூச்சுமுட்டிச் செத்துவிடும். எலக்ட்ரீஷியன் பக்கத்து ஊரில் இருப்பார். அவர் வந்து சேர மறுநாள் ஆகும். அதனால் டெஸ்டரும் கையுமாக நாமே இறங்கிவிடுகிறோம்.

இறங்குவதில் தவறில்லை. ஆனால், எதை முதலில் பார்ப்பது, எதை நாமே சரிசெய்யலாம், எதைத் தொடவே கூடாது என்பது தெரிந்திருக்க வேண்டும். விளக்கு அணைந்த வீடுகளில் நடக்கும் மின் விபத்துகளுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரே நினைப்புதான் இருக்கிறது: 'விளக்குதான் எரியவில்லையே, கரன்ட் இருக்காது'. இந்த நினைப்பு தவறு. விளக்கு எரிய, போகும் வழி, திரும்பும் வழி இரண்டும் முழுமையாக இருக்க வேண்டும். இரண்டில் எது அறுந்தாலும் விளக்கு அணைந்துவிடும். திரும்பும் வழி மட்டும் அறுந்திருந்தால், வயரில் 230 வோல்ட் அப்படியே காத்திருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு

9 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்று எரிய ஏறக்குறைய 40 மில்லி ஆம்பியர் மின்சாரம் போதும். இதே அளவு மின்சாரம் ஒருவரின் கை வழியாக நெஞ்சைக் கடந்து காலுக்கு இறங்கினால், சில நொடிகளில் இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடலாம். விளக்கு லைனுக்குப் போட்டிருக்கும் 6 ஆம்பியர் எம்.சி.பி. தானாக விழுந்து காப்பாற்றும் என்று நினைப்போம். 6 ஆம்பியர் என்பது 6,000 மில்லி ஆம்பியர். 40 மில்லி ஆம்பியர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை, அது விழாது.

எம்.சி.பி.யும் பியூஸும் வயரைக் காப்பாற்றத்தான் இருக்கின்றன. ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. என்ற கருவி. போன மின்சாரம் அப்படியே திரும்பி வருகிறதா என்று அது கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு எங்காவது கசிந்தாலே, கண் இமைப்பதற்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். உங்கள் வீட்டு மெயின் போர்டில் இது இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஆங்கில 'டி' எழுத்து போட்ட சின்னப் பொத்தான் இருந்தால், அநேகமாக அதுதான். சந்தேகம் இருந்தால் எலக்ட்ரீஷியனிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் ஐந்து நிமிடம்

விளக்கு அணைந்ததும் சுவிட்ச் போர்டுக்குப் போகாதீர்கள். செருப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். கையைத் துடைத்துக்கொள்ளுங்கள். டார்ச்சை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து மூன்றைப் பாருங்கள்.

ஒன்று, அக்கம்பக்கத்துத் தோட்டத்தில் வெளிச்சம் தெரிகிறதா? தெருவிளக்கு எரிகிறதா? எங்குமே இல்லையென்றால் அது பொது மின்தடை. நீங்கள் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. மின்சாரம் திரும்ப வரும்போது ஏற்ற இறக்கத்தோடு வரலாம் என்பதால் டி.வி., பிரிட்ஜ் போன்றவற்றின் சுவிட்சை மட்டும் அணைத்து வையுங்கள்.

இரண்டு, கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர் சரியாக இருக்கிறதா? தென்னை மட்டை விழுந்து தொங்குகிறதா, மரக்கிளை உரசுகிறதா என்று டார்ச் அடித்துத் தள்ளி நின்றே பாருங்கள். வயர் தாழ்ந்தோ அறுந்தோ கிடந்தால் கிட்டே போகக் கூடாது. 30 அடிக்குக் குறையாமல் தள்ளி நின்று, மாடு, நாய், குழந்தைகள் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று, மீட்டரில் எண்கள் தெரிகின்றனவா? மீட்டர் பெட்டியைத் திறக்கும் முன் உள்ளே வெளிச்சம் அடித்துப் பாருங்கள். குளவிக் கூடு, பல்லி, சில நேரம் பாம்புகூட இருக்கும். மீட்டரில் எண்கள் தெரிந்து வீடு இருட்டாக இருந்தால், குறை பெரும்பாலும் மீட்டருக்குப் பிறகு, உங்கள் பக்கத்தில் இருக்கிறது. மீட்டரே இருண்டிருந்தால் குறை கம்பத்துக்கும் மீட்டருக்கும் இடையிலோ அதற்கு அப்பாலோ இருக்கலாம். அது மின்வாரியத்தின் வேலை. மீட்டர் சீலையோ அதற்கு முந்தைய பியூஸையோ நீங்கள் தொடாதீர்கள். மீட்டர் இருண்டிருந்தாலும் அதற்கு வரும் வயரில் மின்சாரம் இருக்கலாம்.

எங்கே அணைந்தது?

அடுத்ததாக, எந்தெந்த விளக்கு அணைந்திருக்கிறது என்று பாருங்கள். குறை எங்கே என்பதை அதுவே பாதி சொல்லிவிடும்.

ஒரே ஒரு விளக்கு மட்டும் எரியவில்லையென்றால் பல்பு, ஹோல்டர், சுவிட்ச் இந்த மூன்றில் ஒன்றில்தான் குறை. அந்த லைனின் எம்.சி.பி.யை இறக்கிவிட்டுப் பல்பைக் கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுக் கையை வைக்கக் கூடாது. பழைய வயரிங்கில் சுவிட்ச், பேஸ் வயருக்குப் பதிலாக நியூட்ரலில் மாட்டப்பட்டிருக்கலாம். அப்படியானால் சுவிட்ச் அணைந்திருக்கும். ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். சுவிட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு மினுக்கென்று மங்கலாக எரிந்தால், அதற்கு இப்படி மாற்றி மாட்டியதும் ஒரு காரணமாக இருக்கலாம். எலக்ட்ரீஷியனிடம் சொல்லி மாற்றுங்கள்.

கழற்றிய பல்பை, நன்றாக எரியும் வேறொரு ஹோல்டரில் போட்டுப் பாருங்கள். அங்கும் எரியவில்லையென்றால் பல்பு போய்விட்டது. அங்கே எரிந்தால் பழைய ஹோல்டரிலோ சுவிட்சிலோ குறை. ஹோல்டருக்குள் இருக்கும் இரண்டு பித்தளை முனைகளில் ஸ்பிரிங் இறுகியிருக்கும் அல்லது பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். சுரண்டிச் சரிசெய்வதைவிடப் புது ஹோல்டர் போடுவதே நல்லது. பழைய டியூப் லைட்டாக இருந்தால், இரண்டு முனையும் கறுத்திருந்தால் டியூபின் ஆயுள் முடிந்தது. முனைகள் மட்டும் எரிந்து நடுவில் இருட்டாக இருந்தால் ஸ்டார்ட்டரை மாற்றுங்கள். விட்டுவிட்டு மின்னினால் ஸ்டார்ட்டரிலோ டியூபிலோ குறை; அல்லது மின்னழுத்தம் குறைவு.

ஓர் அறையிலோ, வீட்டின் ஒரு பக்கத்திலோ எல்லா விளக்கும் அணைந்திருந்தால் அந்த லைனின் எம்.சி.பி. விழுந்திருக்கும் அல்லது பியூஸ் போயிருக்கும். எம்.சி.பி. மேலேயே இருக்கிறது, ஆனாலும் எரியவில்லை என்றால், ஏதோ ஓர் இணைப்பு கழன்றிருக்கிறது. ஓட்டு வீடு, கூரை வீடுகளில் எலி கடித்திருக்கலாம். மும்முனை இணைப்புள்ள வீட்டில் ஒரு முனை மட்டும் வராமல் போனாலும் இப்படி மூன்றில் ஒரு பங்கு வீடு இருட்டாகும்.

சில விளக்கு மங்கலாகவும் சில விளக்கு கண்ணைக் கூசும்படி பிரகாசமாகவும் எரிந்தால் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் மெயின் சுவிட்சை இறக்குங்கள். மும்முனை இணைப்பில் நியூட்ரல் அறுந்தால் இப்படி ஆகும். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட் அளவுக்குக்கூட ஏறிவிடும். பல்பு வெடிக்கும், பிரிட்ஜ், டி.வி., மொபைல் சார்ஜர் எல்லாம் கருகும். வீடு தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. மெயினை இறக்கிய பிறகுதான் மின்வாரியத்துக்குப் போன் செய்ய வேண்டும்.

டெஸ்டர் சொல்வதெல்லாம் உண்மையல்ல

நம் வீடுகளில் இருக்கும் ஒரே சோதனைக் கருவி சின்ன நியான் பல்பு வைத்த டெஸ்டர்தான். அது பேஸ் வயரை மட்டுமே காட்டும். நியூட்ரல் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

வீடு முழுவதும் இருட்டு. பிளக்கின் ஒரு துளையில் டெஸ்டரை வைத்தால் எரிகிறது. மற்றொரு துளையில் வைத்தாலும் எரிகிறது. 'ரெண்டு பேஸ் வருது' என்று பலரும் குழம்புவது இங்கேதான். உண்மையில் நியூட்ரல் அறுந்திருக்கிறது. சுவிட்ச் போட்டபடி இருக்கும் ஏதோ ஒரு பல்பு வழியாக, பேஸ் மின்சாரம் நியூட்ரல் வயருக்கும் வந்து நிற்கிறது. வழக்கமாக ஆபத்தில்லாத வயர் என்று நினைக்கும் கறுப்பு வயர், இப்போது ஆளைக் கொல்லும் வயராக இருக்கும். நியூட்ரல் முறுக்குக் கழன்றிருக்கும் என்று வெறுங்கையால் பிடித்து முறுக்கப் போவது மிகவும் ஆபத்து.

டெஸ்டர் எரியவில்லை என்பதையும் முழுதாக நம்ப வேண்டாம். டெஸ்டருக்குள் ஈரம் இறங்கியிருக்கலாம், நியான் பழுதாகியிருக்கலாம். பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறி நின்று பார்த்தால் மங்கலாகத்தான் தெரியும். எனவே முதலில் மின்சாரம் இருப்பது உறுதியாகத் தெரிந்த இடத்தில் டெஸ்டரை வைத்து, அது எரிகிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு சந்தேகமான இடத்தில் வைக்க வேண்டும். டெஸ்டர் எரிந்தாலும் எரியாவிட்டாலும், மெயினை இறக்காமல் வயரைத் தொடக் கூடாது என்பதே கடைசிப் பாதுகாப்பு.

எம்.சி.பி. விழுந்திருந்தால்

விழுந்த எம்.சி.பி.யின் நெம்புகோல் சில நேரம் பாதியில் நிற்கும். அப்படியே மேலே தள்ளினால் நிற்காது. முழுவதுமாகக் கீழே இறக்கிவிட்டு, பிறகு மேலே ஏற்றுங்கள். ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். நின்றால் சரி. விழுந்தால், அது எப்படி விழுகிறது என்று கவனியுங்கள்.

ஏற்றிய உடனே 'டப்' என்று விழுந்தால் எங்கோ பேஸும் நியூட்ரலும் ஒன்றை ஒன்று தொடுகின்றன. சில நிமிடங்கள் கழித்து விழுந்தால் அந்த லைனில் சுமை அதிகம். விளக்கு லைனிலிருந்தே கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் என்று எடுத்திருப்பீர்கள். மழை பெய்யும்போது மட்டும் விழுந்தால் வெளிப்புற விளக்கிலோ சுவரில் நீர் இறங்கும் இடத்திலோ ஈரம் புகுந்திருக்கிறது. எலக்ட்ரீஷியனிடம் இந்த மூன்றில் எது என்று சொன்னாலே அவருடைய வேலை பாதி குறைந்துவிடும். திரும்பத் திரும்ப ஏற்றிப் பார்க்காதீர்கள். விழுகிறதே என்று 6 ஆம்பியரை எடுத்துவிட்டு 16, 20 ஆம்பியர் எம்.சி.பி. போடுவது அதைவிட மோசம். எம்.சி.பி. நிற்கும், சுவருக்குள் வயர் உருகும்.

ஆர்.சி.சி.பி. விழுந்திருந்தால்

இது விழுந்தால் வீடே இருட்டாகிவிடும். ஆனால், குறை எந்த லைனில் இருக்கிறது என்று எந்த வயரையும் தொடாமல் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் எல்லா எம்.சி.பி.களையும் கீழே இறக்குங்கள். ஆர்.சி.சி.பி.யை மேலே ஏற்றுங்கள். அது நின்றால், எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக, சற்று இடைவெளி விட்டு ஏற்றிக்கொண்டே வாருங்கள். எதை ஏற்றும்போது ஆர்.சி.சி.பி. விழுகிறதோ, அந்த லைனில்தான் கசிவு. அதை மட்டும் இறக்கி வைத்துவிட்டு, மற்றவற்றை ஏற்றிக்கொண்டால் வீட்டின் மற்ற பகுதிக்கு வெளிச்சம் வந்துவிடும். எலக்ட்ரீஷியன் வரும்வரை அந்த ஒரு லைன் இருட்டாக இருக்கட்டும்.

அந்த லைனில் பிளக்கில் மாட்டியிருக்கும் எல்லாவற்றையும் உருவிவிட்டு ஒருமுறை ஏற்றிப் பார்க்கலாம். இப்போது நின்றால் ஏதோ ஒரு கருவியில்தான் கசிவு. ஈரமான கிரைண்டர், தண்ணீர் தூக்கும் சின்ன மோட்டார், பழைய ஹீட்டர் போன்றவை வழக்கமாக மாட்டுபவை. நிற்கவில்லையென்றால் வயரிலோ விளக்கிலோ கசிவு.

எல்லா எம்.சி.பி.யும் கீழே இருக்கும்போதே ஆர்.சி.சி.பி. நிற்க மறுத்தால், எங்கோ நியூட்ரல் வயர் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். பெரும்பாலான வீடுகளில் எம்.சி.பி. பேஸை மட்டுமே துண்டிக்கும், நியூட்ரலைத் துண்டிக்காது. இதை எலக்ட்ரீஷியன்தான் பார்க்க வேண்டும்.

'அடிக்கடி விழுந்து தொல்லை தருது, டைரக்ட்டா கொடுத்துருங்க' என்று ஆர்.சி.சி.பி.யைத் தவிர்த்து வயரை இணைக்கச் சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அது விழுகிறது என்றால் எங்கோ ஓர் இரும்புக் குழாயிலோ ஈரச் சுவரிலோ மின்சாரம் இறங்கிக்கொண்டிருக்கிறது. விழாமல் செய்துவிட்டால், அடுத்து அதைக் கண்டுபிடிப்பது யாராவது ஒருவருடைய கையாகத்தான் இருக்கும்.

பழைய பியூஸ் கட்டை

இன்னும் பல தோட்டத்து வீடுகளில் வெள்ளைப் பீங்கான் பியூஸ் கட்டைதான் இருக்கிறது. மெயினை இறக்கிய பிறகே அதை உருவ வேண்டும். விளக்கு லைனுக்கு 5 ஆம்பியர் பியூஸ் கம்பி போதும். கடையில் கேட்டு ஒரு கட்டு வாங்கி மீட்டர் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு மின்வயரில் இருந்து நாலு இழை செம்பை உருவி முறுக்கிப் போடும் பழக்கம் கூரை வீட்டுக்கு நெருப்பு வைப்பதற்குச் சமம். சுமை கூடும்போது உருக வேண்டியது பியூஸ். அது உருகாவிட்டால் கூரைக்குள் ஓடும் வயர் உருகும். முடிந்தால் பியூஸ் கட்டையை எடுத்துவிட்டு எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. இரண்டையும் போட்டுவிடுங்கள். ஒரு கறவை மாட்டின் விலையோடு ஒப்பிட்டால் இந்தச் செலவு மிகச் சிறியது.

மாட்டுக் கொட்டகை விளக்கு

வீட்டைவிட அடிக்கடி விளக்கு அணைவது மாட்டுக் கொட்டகையில். சாணம், கோமியத்திலிருந்து எழும் அம்மோனியா வாயுவும் ஈரமும் சேர்ந்து பித்தளை ஹோல்டரை அரித்துவிடும். வீட்டிலிருந்து கொட்டகை வரை வேலிக்கம்பியிலும் மரத்திலும் கட்டி இழுத்த வயர், காற்றில் உரசி உரசித் தோல் உரிந்திருக்கும். நடுவில் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பில் மழைநீர் இறங்கும்.

இதில் ஆபத்தானது, இரும்புக் குழாய்களின் மேல் தகரம் போட்ட கொட்டகை. விளக்கு வயரைக் கட்டுக்கம்பியால் குழாயில் இறுக்கிக் கட்டியிருப்பார்கள். நாளடைவில் கம்பி தோலை அறுத்து உள்ளே இறங்கும். அன்று முதல் கொட்டகையின் தூண்கள் எல்லாவற்றிலும் மின்சாரம் இருக்கும். மாட்டைக் கட்டியிருப்பதும் அதே தூணில்தான்.

மாடுகள் நம்மைவிடக் குறைந்த மின்னழுத்தத்திலேயே பாதிக்கப்படும். முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம், செருப்பும் இல்லை, நிற்பதோ ஈரத்தரை. நமக்குக் கையில் சுருக்கென்றுகூடத் தெரியாத கசிவு மாட்டுக்குத் தெரியும். தண்ணீர்த் தொட்டிக்குப் போய்விட்டுக் குடிக்காமல் தலையை வெடுக்கென்று இழுப்பது, கொட்டகைக்குள் நுழையத் தயங்குவது, பால் கறக்கும்போது காரணமில்லாமல் காலை உதறுவது, பாலை அடக்குவது போன்றவை தெரிந்தால், நோய் என்று மருந்து தேடுவதோடு நிற்காமல், கொட்டகை லைனின் எம்.சி.பி.யை இறக்கிவிட்டுப் பாருங்கள். மாடு பழையபடி இருந்தால் காரணம் மின்கசிவு. கால்நடை மருத்துவர்களும் களப் பணியாளர்களும் இந்த ஒரு கேள்வியை விவசாயியிடம் கேட்டுவிடுவது நல்லது.

கொட்டகைக்குத் தனி எம்.சி.பி.யும், ஆர்.சி.சி.பி. பாதுகாப்பும் இருக்க வேண்டும். வயரை பி.வி.சி. குழாய்க்குள் கொண்டுபோக வேண்டும். இடையில் முறுக்கு இணைப்பு கூடாது. பித்தளை ஹோல்டருக்குப் பதில், தண்ணீரும் தூசியும் புகாத மூடிய விளக்கு போடுங்கள். மாட்டின் கொம்பு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். சுவிட்ச் கொட்டகைக்கு வெளியே, நனையாத இடத்தில் இருக்க வேண்டும். இரும்புத் தூண்களை எர்த் கம்பியோடு இணைத்துவிட வேண்டும்.

மோட்டார் அறை விளக்கு

மோட்டார் அறையில் எரியும் பல்பு மூன்று முனைகளில் ஒரே ஒரு முனையிலிருந்துதான் எடுக்கப்பட்டிருக்கும். பல்பு எரிகிறது என்பதால் மும்முனை மின்சாரமும் வருகிறது என்று பொருளல்ல. ஸ்டார்ட்டர் பெட்டியில் இருக்கும் மூன்று இண்டிகேட்டர் விளக்குகளும் ஒரே அளவில் எரிகின்றனவா என்று பார்த்த பிறகே மோட்டாரைப் போடுங்கள். ஒரு முனை இல்லாமல் ஓடினால் மோட்டார் உறுமும், சூடாகும், காயில் கருகும். ஒரு முனை போனதும் தானாக மோட்டாரை நிறுத்தும் கருவி கடைகளில் கிடைக்கிறது. ஸ்டார்ட்டரோடு அது இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். பழைய குண்டு பல்பு, மின்னழுத்தம் குறைந்தால் சிவந்து மங்கிவிடும். அதைப் பார்த்தே 'வோல்டேஜ் இல்ல, மோட்டார் போட வேணாம்' என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். பல எல்.இ.டி. பல்புகள் மின்னழுத்தம் வெகுவாகக் குறைந்தாலும் அதே வெளிச்சத்தில் எரியும். எனவே, எல்.இ.டி. பளிச்சென்று எரிவதை நம்பி மோட்டார் போடாதீர்கள். வோல்ட் மீட்டரைப் பாருங்கள்.

மழையில் நனைந்தபடி மோட்டார் அறைக்குப் போய், இருட்டில் ஸ்டார்ட்டர் பெட்டியைத் தடவுவது கூடாது. பெட்டிக்கு முன்னால் காய்ந்த பலகையோ ரப்பர் விரிப்போ எப்போதும் கிடக்கட்டும். விவசாய மின் இணைப்பிலிருந்து வீட்டுக்கு வயர் இழுத்து விளக்கு எரிப்பது விதிமீறல் மட்டுமல்ல. அப்படி இழுத்த வயருக்குப் பெரும்பாலும் எந்தப் பாதுகாப்புக் கருவியும் இருப்பதில்லை.

எல்லையைத் தாண்டாதீர்கள்

மின்கம்பத்தில் ஏறுவது, டிரான்ஸ்பார்மரில் பியூஸ் போடுவது, கம்பத்துக் கம்பியைக் கழியால் தட்டிவிடுவது மூன்றும் மின்வாரியப் பணியாளர் தவிர யாரும் செய்யக் கூடாதவை. 'நம்ம ஊர்ல அவரு நல்லா போடுவாரு' என்று யாரையாவது ஏற்றிவிடுவதும் கூடாது. டிரான்ஸ்பார்மருக்கு வரும் உயர் அழுத்த லைனில் 11,000 வோல்ட் இருக்கும். அங்கே தொடக்கூட வேண்டாம், நெருங்கினாலே போதும்.

மின்வாரியத்தின் 'மின்னகம்' சேவை மையத்தை 94987 94987 என்ற எண்ணில் 24 மணி நேரமும் அழைக்கலாம். உங்கள் மின் இணைப்பு எண்ணைக் கேட்பார்கள். அந்த எண்ணையும், உங்கள் பிரிவு அலுவலகத்தின் எண்ணையும் மீட்டர் பெட்டியின் உள்பக்கம் எழுதி ஒட்டி வையுங்கள். அழைக்கும்போது 'கரன்ட் இல்லை' என்று மட்டும் சொல்லாமல், பக்கத்து வீட்டில் இருக்கிறதா, மீட்டரில் எண் தெரிகிறதா, வயர் அறுந்து கிடக்கிறதா என்பதையும் சொன்னால் பணியாளர்கள் அதற்கேற்பத் தயாராக வருவார்கள்.

ஜெனரேட்டர், இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரைப் பிளக் வழியாக வீட்டு லைனில் இணைத்தால், மின்சாரம் பின்னோக்கிப் போய்க் கம்பத்தை அடையும். லைனை அணைத்துவிட்டதாக நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனின் உயிர் உங்கள் கையில் இருக்கிறது.

ஷாக் அடித்துவிட்டால்

மின்சாரம் தாக்கியவரைக் கையால் பிடித்து இழுக்காதீர்கள். முதலில் மெயினை இறக்குங்கள். அது முடியாவிட்டால், காய்ந்த பலகையின் மேல் நின்றுகொண்டு காய்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ அவரை வயரிலிருந்து விலக்குங்கள். இது வீட்டு வயருக்கு மட்டும்தான். கம்பத்து லைனாக இருந்தால், மின்வாரியம் லைனை அணைத்தது உறுதியாகும்வரை நெருங்கவே கூடாது. 108-க்கு அழைக்கச் சொல்லுங்கள். மூச்சு இல்லையென்றால், ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை என்ற வேகத்தில் அழுத்திக்கொண்டே இருங்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் மருத்துவரிடம் காட்டாமல் இருக்கக் கூடாது.

மழைக்கு முன் ஒரு நாள்

ஐப்பசி பிறக்கும் முன் ஒரு பகல் பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். ஆர்.சி.சி.பி.யின் 'டி' பொத்தானை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். மாதம் ஒருமுறை இதைச் செய்ய வேண்டும். விழாவிட்டால் உடனே மாற்றுங்கள். சர்வீஸ் வயரை நோக்கி வளர்ந்த கிளைகளை வெட்டுவதற்கு மின்வாரியத்திடம் சொல்லி, லைனை அணைத்த பிறகு வெட்டுங்கள். சர்வீஸ் வயரைத் தாங்கும் இரும்புக் கம்பியிலும், மீட்டருக்குப் போகும் இரும்புக் குழாயிலும் துணி காயப்போடும் கொடி கட்டியிருந்தால் இன்றே அவிழ்த்து, நைலான் கயிற்றை வேறு இடத்தில் கட்டுங்கள். ஈரத்துணியோடு இரும்புக் கொடியைத் தொட்டு உயிரிழந்த பெண்கள் பற்றிய செய்தி மழைக்காலந்தோறும் வருகிறது. மின்கம்பத்திலும் ஸ்டே கம்பியிலும் மாடு கட்டாதீர்கள். எர்த் குழியில் இருந்து வரும் கம்பி அறுபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கோடையில் அந்தக் குழிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்றுங்கள்.

கடைசியாக, மெயின் போர்டில் எந்த எம்.சி.பி. எந்த இடத்துக்கு என்று பேனாவால் எழுதி வையுங்கள்: முன்வாசல், சமையலறை, கொட்டகை, போர்வெல். நீங்கள் ஊரில் இல்லாத ஓர் இரவில் விளக்கு அணையும்போது, வீட்டில் இருக்கும் பெண்களும் பிள்ளைகளும் எந்த வயரையும் தொடாமல், எதை இறக்க வேண்டும் என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள்.